பதினாறு படியும் ஒரே உயரமாம்! மூன்று வருடப் பாவனை அனுபவம்

வீட்டுப் பிளான் கீறும் மென்பொருள் ஒன்றை மூன்று வருடமாகப் பாவிக்கிறேன். அது இப்போது பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கவா என்று ஒரு கூட்டாளி வட்ஸ்அப்பில் கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்ல உட்கார்ந்தேன், முடியவில்லை. சுவர், கதவு, ஜன்னல், கூரை எல்லாம் அது எப்படிச் செய்யும் என்று அவனுக்கே தெரியும். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வெறும் வளவில் புது வீடு கீறுவதென்றால் இதைவிட வேகமானதை நான் பாவித்ததில்லை. என் வழக்கு படிக்கட்டோடுதான்.

எங்கள் ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் சாய்ந்தமருது. கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நெருக்கிக் கட்டிய ஊர். மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். இரண்டாவது மகளுக்கு வளவு இல்லாவிட்டால் மேலேதான் கட்ட வேண்டும். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. முதலில் கீழ் வீடும், மேலே தட்டும், மதிலோடு ஒட்டி வெளிப்படியும். பிறகு தங்கச்சிக்கு மேல்மாடி. கீழே டைல்ஸ் போட்டார்கள், மேலேயும் போட்டார்கள். படி மட்டும் வெறும் சீமெந்தாக நின்றுவிட்டது. "படிக்குப் பிறகு பாப்பம்" என்று வாப்பா சொல்லிப் பன்னிரண்டு வருடம்.

போன வருடம் தங்கச்சி மேலே இன்னோர் அறை கூட்டப் படம் கேட்டாள். இருக்கிற வீட்டை அப்படியே கொம்பியூட்டரில் ஏற்ற வேண்டும். சுவர்கள் ஒரு பின்னேரத்தில் முடிந்தன. படிக்கட்டுக் கருவியைத் தொட்டேன். கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு 9 அடி 8 அங்குலம், 16 படி என்று கொடுத்ததும், கண் மூடித் திறப்பதற்குள் அழகான படிக்கட்டு வந்து நின்றது. ஒவ்வொன்றும் 7¼ அங்குலம். போதாததற்கு ஓக் மரத்தில். மேசன் கட்ட நினைத்த படி அது. அவர் கட்டிய படி வேறு.

சரி, ஒவ்வொரு படியாக உயரத்தை மாற்றுவோம் என்று தேடினேன். எண் போட அப்படியொரு பெட்டியே இல்லை. மொத்த உயரத்தைப் படிகளின் எண்ணிக்கையால் வகுக்கும், அவ்வளவுதான். அகலத்துக்கும் ஒரே ஓர் எண். எங்கள் மதிலோ நேராக இல்லை. கீழே 3 அடி இருக்கும் படி, திரும்பும் மூலையில் 2 அடி 8 அங்குலம். மூலையில் இருக்கும் மூன்று முக்கோணப் படிகளையும் அது ஆளுக்கு 30 பாகையாகப் பங்கு வைத்தது. நான் பிரிட்ஜ் வந்த பெட்டியின் காட்போட்டை வெட்டி, படியில் வைத்துத் திருத்தித் திருத்தி அளந்தபோது வந்தது 38, 31, 21.

நியாயமாகச் சொன்னால் மென்பொருளைச் செய்தவர்கள் மேலும் முழுப் பிழையில்லை. அமெரிக்க வீட்டுக் கட்டட விதிப்படி ஒரே படிக்கட்டில் மிகப் பெரிய உயரத்துக்கும் மிகச் சிறியதற்கும் வித்தியாசம் 3/8 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. அந்த விதியை மனதில் வைத்துச் செய்த கருவிக்கு எங்கள் வீட்டுப் படி ஒரு குற்றச்செயல். ஆனால் பழைய வீடு எங்கும் உண்டே, அமெரிக்காவிலும் உண்டே. அந்த ஒரு பெட்டியை வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

ஆகவே குறுக்கு வழி. ஒவ்வொரு படியையும் ஒரு குட்டி அறையின் தரைபோலத் தனித் தளமாகக் கீறினேன். பதினைந்து தளம், பதினைந்து உயரம்; பதினாறாவது ஏற்றம் மேல்தரைக்கே. உம்மா டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். கீழ்ப்படி 5¼ அங்குலம். நடுவில் 6¾ முதல் 8 வரை மேசனின் மனநிலைப்படி. உச்சிக்குப் போகும்போது உம்மா வழக்கம்போல, "கடைசிப் படியில பாத்து ஏறு மகன்" என்றார். அது 9¼. வீட்டுக்காரர் எல்லோருக்கும் அந்த இடத்தில் கால் தானாக உயரும்; வருகிற விருந்தாளிகள்தான் தடுக்குவார்கள்.

தளமாகக் கீறியதற்குத் தண்டனையும் கிடைத்தது. பிளானில் ஏறும் திசை காட்டும் அம்பு போய்விட்டது. மேல்தட்டில் ஓட்டை தானாக விழவில்லை, கையால் வெட்டினேன். டைல்ஸ் கணக்கில் பதினைந்து குட்டி அறைகள் சேர்ந்துகொண்டன. கைபிடியோ படிக்கட்டுக் கருவியில் செய்த படியில் மட்டும்தான் ஒட்டுமாம். வேறு வழியில்லாமல், முதலில் வந்த அந்த ஓக் படிக்கட்டையே என் தளங்களுக்கு மேல் வைத்து, மறைத்துவிட்டு, அதில் கைபிடியைப் பூட்டினேன். கைபிடி நான் நினைத்ததைவிட இரண்டு அங்குலம் உயரத்தில் தொங்கியது. கீழேயும் இரண்டு, நடுவிலும் கிட்டத்தட்ட இரண்டு, மேலேயும் இரண்டு.

மறைத்ததைத் திரும்பக் காட்டி, பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தேன். எங்கள் படிக்கட்டு முழுவதும் அந்தச் சரியான படிக்கட்டுக்கு இரண்டங்குலம் கீழே படுத்திருந்தது. டைல்ஸ் போட்டதில் கீழ்த்தரை இரண்டங்குலம் உயர்ந்தது, மேல்தரையும் உயர்ந்தது, நடுவில் படி மட்டும் உயரவில்லை. எல்லாப் படிக்கும் சாந்தோடு டைல்ஸ் இரண்டங்குலம் ஏற்றினால் கீழ்ப்படியும் 7¼, உச்சிப்படியும் 7¼. அன்றிரவு அந்த வெட்டுப் படத்தை எத்தனை தரம் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மறுநாள் மேசன் காக்காவைக் கூட்டிவந்து லப்டொப்பைத் திறந்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. உச்சிப்படியில் ஒரு சாண் வைத்துப் பார்த்துவிட்டு, "படிக்கு டைல்ஸ் போடாம விட்டா இப்பிடித்தான் தம்பி" என்றார். நான் ஒரு கிழமை செலவழித்திருந்தேன்.

கூட்டாளி, வாங்காதே. பழைய வீட்டுக்கென்றால் பாதி விலைக்கும் வாங்காதே. ஸ்கெட்ச்அப் என்று இன்னொரு படம் கீறும் மென்பொருள் இருக்கிறது; அதில் உருவத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தால் படி உயரும், அதைப் பழகு. எனக்குத் தங்கச்சியின் அறைப் படம் முழுவதும் இதற்குள் கிடப்பதால் இந்த வருடமும் புதுப்பிப்புக் காசு கட்டிவிட்டேன். படிக்கட்டுக் கருவியை மேம்படுத்தியிருக்கிறோம் என்று மின்னஞ்சலும் அனுப்பியிருந்தார்கள். இறக்கிப் பார்த்தேன். ஓக்கோடு இப்போது வோல்நட் மரமும் இருக்கிறது.