உரிக்கிற தோலா, துடைக்கிற கிரீஸா: மூடிவைக்கும் இயந்திரத்துக்கு எது காவல்?

சென்னைக்குப் பக்கத்தில், கடற்காற்று வந்து சேரும் தூரத்தில் எங்கள் பட்டறை. ஆர்டர் நின்றுபோனதால் ஒரு சர்ஃபேஸ் கிரைண்டிங் மெஷினை (இரும்பைச் சமதளமாகத் தேய்க்கும் இயந்திரம்) எட்டு மாதம் ஓரங்கட்ட வேண்டி வந்தது. கிரீஸ் பூசினால் அப்புறம் துடைக்கவே இரண்டு நாள் போகும் என்று, ஸ்பிரே கன்னில் அடித்துக் காய்ந்ததும் தோலாக உரித்தெடுக்கிற பூச்சை வாங்கி அடித்தோம். மழைக்காலம் முடிந்து ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது தோல் கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். மெஷினின் இரும்பு மேசையில் வலது ஓரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அங்கே நான்கு விரல்களின் ரேகை, வளையம் வளையமாக, துருவில் பதிந்திருந்தது. பூச்சு அடிப்பதற்கு முன் யாரோ வெறுங்கையால் தொட்டிருக்கிறார்கள். வியர்வையின் உப்பு இரும்பிலேயே தங்க, அதன் மேல் பூச்சு உட்கார்ந்துவிட்டது.

அந்த ரேகையைத் தேய்த்து எடுத்த பிறகும் குழிகள் போகவில்லை. அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித்தேடிப் படித்தும், சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளில் அடித்துப் பார்த்தும் வருகிறேன். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். உரிபூச்சு வெயிலுக்கும் தூசிக்கும் கீறலுக்கும் அருமையான கவசம். ஈரத்தைத் தடுப்பது வேறு வேலை. அதை இந்தப் பூச்சிடம் மட்டும் ஒப்படைக்கக் கூடாது. எது நல்ல பூச்சு என்று கேட்பதற்கு முன், நம் இயந்திரத்துக்கு எதிரி யார் என்று கேட்க வேண்டும்.

இதை உலகத்திலேயே பெரிய அளவில் செய்து காட்டிய இடம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரத்தை ஒட்டிய டேவிஸ்-மான்தன் விமானப்படைத் தளம். 1946இல், போர் முடிந்து மிச்சமான பி-29, சி-47 விமானங்களை நிறுத்தத் தொடங்கினார்கள். இன்று ஏறத்தாழ 2,600 ஏக்கரில், ஆயிரக்கணக்கில் விமானங்கள் வெட்டவெளியில் வரிசையாக நிற்கின்றன. அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணம். ஒன்று, காற்று அவ்வளவு காய்ந்தது. ஆண்டு மழை சுமார் 30 சென்டிமீட்டர்தான். சென்னையில் 140 சென்டிமீட்டர் பெய்கிறது. இன்னொன்று, தரை சுண்ணாம்பு இறுகிய கெட்டி மண். காங்கிரீட் போடாமலே கனமான விமானத்தை இழுத்து நிறுத்தலாம்.

அங்கே வேலை நடக்கும் வரிசையைக் கவனியுங்கள். விமானம் வந்ததும் முதலில் நன்றாகக் கழுவுகிறார்கள். கடலோரத்திலும் கப்பலிலும் இருந்து வந்தவற்றில் உப்பு ஒட்டியிருக்கும். அதை எடுக்காமல் எதுவும் தொடங்காது. (எங்கள் மேசையில் அந்த நான்கு விரல்கள் சொன்ன பாடமும் இதேதான்.) பிறகு எரிபொருளை வடித்து, குழாய்களில் மெல்லிய எண்ணெயை ஓடவிட்டு, அதையும் வடிக்கிறார்கள். உள்ளே எண்ணெய்ப் படலம் தங்கிவிடும். அதற்குப் பிறகுதான் கன்னை எடுக்கிறார்கள். இடுக்குகளையும் கண்ணாடி ஓரங்களையும் டேப் ஒட்டி மூடி, மேலே ஸ்பிரேலாட் என்ற வினைல் பூச்சை அடிக்கிறார்கள். முதலில் கறுப்பு, பிறகு வெள்ளை. கறுப்புப் படலம் அடியில் இருந்து மூடவும், பின்னால் உரிந்து வரவும். வெள்ளைப் படலம் வெயிலைத் திருப்பி அனுப்ப. பூச்சு இல்லாமல் நின்றால் விமானத்தின் உள்சூடு 90 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். ரப்பர், ஒயர், மின்னணுப் பெட்டிகள் எல்லாம் அதில் வெந்துபோகும். வெள்ளை அடித்துவிட்டால் வெளிச்சூட்டைவிட ஏழெட்டு டிகிரிக்குள் நிற்கிறது.

நம் பழக்கத்துக்கு நேர்மாறான ஒன்றும் இதில் உண்டு. அவர்கள் விமானத்தை முழுதாகப் பொதிந்து மூடுவதில்லை. மேல்பாகம் முழுக்கப் பூச்சு; அடிவயிற்றில் காற்று போய்வரவும், உள்ளே கோத்த நீர் வடியவும் வழி விட்டுவைக்கிறார்கள். நாமோ தார்ப்பாயைப் போட்டு, அடிவரை இழுத்துக் கயிறு கட்டி, காற்றே போகாதபடி செய்வதைத்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். ராத்திரி இரும்பு குளிர்கிறது. காலையில் சூடான ஈரக்காற்று அதில் பட்டதும் இரும்பு வியர்க்கிறது. அந்த வியர்வை தார்ப்பாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். மூடாமல் விட்டதைவிட மூடிய இயந்திரம் அதிகம் துருப்பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆக, அந்தப் பாலைவனத்தில் ஈரத்தைத் தடுக்கிற வேலையை ஊர்க் காற்றே செய்துவிடுகிறது. பூச்சுக்கு மிச்சமிருப்பது வெயிலும் புழுதியும். நீண்டநாள் வைப்பில் உள்ளவற்றைச் சுமார் 4 ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து மறுபடி செய்கிறார்கள். 2008இல் அங்கே போன ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம் 2015இல் பறந்து திரும்பியது. இன்னொன்று 2019இல்.

அதே பூச்சை ஈரமான ஊரில் பயன்படுத்தியபோது என்ன செய்தார்கள்? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை நூற்றுக்கணக்கான கப்பல்களைத் துறைமுகங்களில் கட்டிப்போட்டது. கப்பலைப் பாலைவனத்துக்கு இழுத்துப்போக முடியாது. மேல்தளத்துப் பீரங்கிகளைச் சுற்றி டேப்பால் கூடு போலக் கட்டி, அதன் மேல் சிலந்தி வலை மாதிரி இழை இழையாக ஒரு திரவத்தை அடித்து இடைவெளிகளை அடைத்து, பிறகு கனமான பிளாஸ்டிக் பூச்சு அடித்தார்கள். பட்டுக்கூடு என்ற பொருளில் ‘கோகூன்’ என்றே அதற்குப் பெயர். ஆனால் கூட்டைக் கட்டிவிட்டுப் போய்விடவில்லை. மூடிய இடங்களுக்குள் ஈரம் உறிஞ்சும் இயந்திரங்களை ஓடவிட்டுக் காற்றை உலர்வாகவே வைத்தார்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால்தான் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். 40க்குக் கீழே வைத்துவிட்டால் ஏறத்தாழ நின்றுவிடும். மிசௌரி போர்க்கப்பலை 1955இல் மூடி, வாஷிங்டன் மாநிலத்துப் பிரெமர்டன் துறைமுகத்தில் நிறுத்தினார்கள். மழையும் மூடுபனியும் நிறைந்த ஊர் அது. 1986இல் அந்தக் கப்பல் மறுபடி கடற்படையில் சேர்ந்தது. இதில் பெருமை தோலுக்குப் பாதி என்றால் உள்ளே இருந்த காய்ந்த காற்றுக்குப் பாதி.

மூன்றாவது உதாரணம் நமக்கு நெருக்கமானது. 2020இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் ஏ380 விமானங்கள் சிலவற்றை ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அனுப்பியது. சிங்கப்பூர்க் காற்று எப்படி நசநசக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைக்க வேண்டியிருக்கும் என்பதால் உரிபூச்சு இல்லை. என்ஜின் வாய்களுக்கு உறை, துளைகளுக்கு டேப், ஈரம் உறிஞ்சும் பைகள், அவ்வளவுதான். காற்று சரியாக அமைந்துவிட்டால் கவசம் எவ்வளவு எளிதாகிவிடுகிறது பாருங்கள்.

சரி, நம் பட்டறைக்கு வருவோம். இங்கே காற்றை மாற்ற முடியாது. கையில் இருக்கிற வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கலாம்.

கிரீஸும் துருத்தடுப்பு எண்ணெயும்தான் பழைய ஆட்கள். இரண்டாம் போர்க் காலத்தில் துப்பாக்கிகளை காஸ்மொலின் என்ற பழுப்பு நிற மெழுகுக் கிரீஸில் முக்கி அனுப்புவார்கள். அதைக் கழுவி எடுப்பது படைவீரர்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. துடைப்பது கஷ்டம், தூசியை இழுத்து ஒட்டிக்கொள்ளும், பழசானால் வார்னிஷ் போல இறுகிவிடும். இயந்திரத்தின் வழுக்கிச் செல்லும் பாகமான சிலைடில் பூசியதைத் துடைக்காமல் ஓட்டினால், ஒட்டிய மண்ணே உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். இத்தனை குறை இருந்தும் வெறும் இரும்புக்கு, ஈரமான ஊரில், நான் இதைத்தான் முதலில் வைப்பேன். எண்ணெய் உலோகத்தோடு ஒட்டிப் படர்ந்து ஈரத்தை ஒதுக்குகிறது. கன் எட்டாத மூலைக்கும் பிரஷ் எட்டும். ஒரு இடத்தில் படலம் போனாலும் அந்த இடம் மட்டும்தான் கெடும், பக்கத்துக்குப் பரவாது.

உரிபூச்சு அப்படி இல்லை. அதில் ஒரு ஊசித்துளை விழுந்தால் ஈரம் உள்ளே போய்த் தோலுக்கும் இரும்புக்கும் நடுவில் பதுங்கிக்கொள்ளும்; வெளியே எதுவும் தெரியாது. பிளாஸ்டிக் என்றால் நீர் புகாது என்கிறோம். நீர் புகாது, நீராவி மெல்ல மெல்லப் புகும். தண்ணீர் கலந்த பூச்சை வெறும் இரும்பில் அடித்தால், காய்வதற்குள்ளேயே லேசான செந்துரு பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. அதற்காக முன்னால் எண்ணெய் பூசினாலோ, பூச்சு பிடிக்காமல் திட்டுத் திட்டாக விலகி நிற்கும். இந்தச் சிக்கலில்தான் நாங்கள் மாட்டினோம்.

ஆனால் அதே பூச்சைப் பெயின்ட் அடித்த உடம்பிலும், கண்ணாடியிலும், பாலிஷ் போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் அடித்துப் பாருங்கள். கிரீஸுக்கு அங்கே வேலையே இல்லை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் நிற்கும் புது இயந்திரத்தின் மேல் படும் சிமென்ட் தூசி, வெல்டிங் பொறி, ஏணி உரசல் என்று எல்லாவற்றையும் தோல் வாங்கிக்கொள்ளும். கடைசி நாளில் உரித்தால் கடையில் இருந்து வந்த பளபளப்பு அப்படியே இருக்கும். பெயின்ட் அடிக்கும் அறையான ஸ்பிரே பூத் வைத்திருப்பவர்கள் அதன் சுவருக்கும் விளக்குக் கண்ணாடிக்கும் இதையே அடித்து, பெயின்ட் படிந்ததும் உரித்துவிட்டு மறுபடி அடிக்கிறார்கள். அந்த வேலைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடிக்கிற விதத்தில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். காசு மிச்சம் பிடிக்க ஒல்லியாக அடித்தால் உரிக்கும்போது தாள் தாளாகக் கிழியும்; நகத்தால் சுரண்ட வேண்டியதுதான். காய்ந்த படலம் ஏறக்குறைய ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு வர வேண்டும். ஒரே தடவையில் கொட்டினால் வழியும். மூன்று நான்கு கோட்டாக, ஒவ்வொன்றும் கொஞ்சம் காய்ந்த பிறகு அடுத்ததை அடிக்க வேண்டும். முதல் கோட்டுக்கு முன் ஓரத்தில் ஒரு நாடாத் துணியை நீட்டிவிட்டு ஒட்டிவைத்தால், உரிக்கும் நாளில் அதைப் பிடித்து இழுத்தால் போதும். மரை, ஸ்கேல் கோடு, ரப்பர் சீல், சொரசொரப்பான வார்ப்பு இவற்றைக் கட்டாயம் டேப் போட்டு மறைக்க வேண்டும். அங்கே பூச்சு பிடித்துக்கொண்டால் வராது. கரைப்பான் கலந்த வகை அக்ரிலிக் கண்ணாடியை மங்கலாக்கிவிடும், எளிதில் தீப்பிடிக்கும். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. துணி துளியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்கென்று கரித்தூள் டப்பா வைத்த மாஸ்க் இருக்கிறது.

உரிக்கும் நாளை விட்டுவிட்டால் இன்னொரு தொல்லை. வெயிலில் நின்ற தோல் நாளாக ஆக நெகிழ்ச்சி போய் நொறுங்கும். அப்படி ஆகிவிட்டால் கத்தியை எடுக்காதீர்கள். அதே பூச்சைப் பழைய தோலின் மேல் புதிதாகக் கனமாக அடித்து, காயவிட்டு, இரண்டையும் சேர்த்து உரியுங்கள். புதுத்தோல் பழையதைப் பிடித்துக்கொண்டு வரும். உரித்ததைப் பட்டறைப் பின்புறம் போட்டுக் கொளுத்தவும் வேண்டாம். பி.வி.சி. வகை வினைல் எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வரும். மூச்சுக்கும் கேடு, காப்பாற்றி வைத்த இரும்புக்கும் கேடு.

சின்னக் கருவிகளுக்கு இதைவிட மேலான உரிபூச்சு ஒன்று உண்டு, அது கன்னில் அடிப்பது இல்லை. மில்லிங் கட்டர், ரீமர் மாதிரி இரும்பை வெட்டும் புதுக் கருவி வாங்கியவர்கள் பார்த்திருப்பீர்கள்: தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு தடித்த தோல் மூடியிருக்கும். எத்தில் செல்லுலோஸையும் எண்ணெயையும் உருக்கி, சூட்டோடு கருவியை முக்கி எடுப்பது அது. பிளேடால் ஒரு கோடு கீறி உரித்தால் உள்ளே கட்டர் எண்ணெய்ப் பசையோடு மின்னும். தோலுக்குள் இருக்கிற எண்ணெய் கசிந்து உலோகத்தில் படிந்துகொண்டே இருப்பதுதான் காரணம். கவசமும் துருத்தடுப்பும் ஒரே பொருளில். உரித்ததை மறுபடி உருக்கிப் பயன்படுத்தவும் செய்யலாம். லேத் பெட்டை (கடைசல் இயந்திரத்தின் நீண்ட அடிப்பாகம்) முக்க முடியாது என்பதுதான் வருத்தம்.

துருத்தடுப்பு மருந்து ஏற்றிய வி.சி.ஐ. தாளும் கவரும் பெட்டியில் போட்டு அனுப்பும் சரக்குக்கு நல்லது. அதில் இருந்து கிளம்பும் ஆவி உலோகத்தில் படிந்து துருவைத் தடுக்கிறது. மூடிய இடத்தில்தான் வேலை செய்யும். கவர் கிழிந்தால் ஆவி போய்விடும். பித்தளை, செம்பு இருந்தால் அதற்கேற்ற வகைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறையான ஷ்ரிங்க் ராப் மழைக்குக் குடை, அதற்கு மேல் இல்லை. உள்ளே சிலிக்கா ஜெல் போடாமல் சுற்றினால் தார்ப்பாய்க் கதைதான்.

இப்போது எங்கள் பட்டறையில் ஒரே இயந்திரத்துக்கு இரண்டு வழி. பெட், மேசை, ஸ்பிண்டில் என்று வெறும் இரும்பு எங்கே இருக்கிறதோ, அங்கே காட்டன் கையுறை போட்டுக்கொண்டு கழுவித் துடைத்து, துருத்தடுப்பு எண்ணெய் பூசி, வி.சி.ஐ. தாளை ஒட்டிவைக்கிறோம். பெயின்ட் அடித்த உடம்பு, கண்ட்ரோல் பேனல் கண்ணாடி, கைப்பிடிகளுக்கு உரிபூச்சு. அடிப்பாகத்தைத் திறந்தே விடுகிறோம். பூச்சின் மேல் மார்க்கரில் அடித்த தேதியும் உரிக்க வேண்டிய தேதியும் எழுதிவைக்கிறோம். மாதம் ஒருமுறை தாளின் ஒரு மூலையைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்க்கிறோம். சென்ற மழையில் ஒரு லேத் ஐந்து மாதம் இப்படி நின்றது. பிரித்தபோது பெட்டில் ஒரு புள்ளி துரு இல்லை.