ஆந்தைக் காசும் பெயர் அட்டையும்: புதுச்சேரியில் விற்கும் ‘திராக்மா’ பெட்டி

புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பக்கத்து நினைவுப்பொருள் கடை ஒன்றில் பண்டைக் கிரேக்க வெள்ளிக்காசின் பெயரில் ‘கிரேக்க திராக்மா’ என்று சிறு மரப்பெட்டி ஒன்று விற்கிறது. விலை 650 ரூபாய். உள்ளே ஆந்தை பொறித்த நகல் காசு, ஒரு துணிப்பை, பல மொழிகளில் காசின் பெயர் அச்சிட்ட மடிப்பு அட்டை. தயாரித்தவர் பெயர் எங்கும் இல்லை.

முதலில் காசு. ஒருபுறம் அதீனா தேவியின் தலை. மறுபுறம் ஆந்தை, ஒலிவக் கிளை, பிறை, ஏதென்ஸைக் குறிக்கும் மூன்று கிரேக்க எழுத்துகள். பொறிப்பு தெளிவாகவே இருக்கிறது. ஆனால் 24 மி.மீ. அகலமுள்ள இந்த வடிவம் திராக்மா அல்ல, டெட்ராடிராக்ம். அதாவது நான்கு திராக்மா மதிப்புள்ள பெரிய காசு. அசலில் அது சுமார் 17.2 கிராம் வெள்ளி. ஒற்றைத் திராக்மா 4.3 கிராம்தான், விரல்நகம் அளவு. நகலை நகைக்கடைத் தராசில் வைத்தால் 11 கிராம் காட்டுகிறது. உள்ளே இருப்பது துத்தநாகக் கலவை. வெள்ளியின் அடர்த்தி 10.5, இதற்கு 7கூட வராது. விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடும் தெரிகிறது. அசலை வார்ப்பில் செய்து முடிப்பதில்லை. வெள்ளி வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். அதனால் அசலின் விளிம்பு கோணலாக, சில இடங்களில் வெடித்திருக்கும். நகலின் மேல்பூச்சு மெல்லியது. உப்புக்காற்றும் கைவியர்வையும் பட்டால் பூச்சு போன இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். உலர்ந்த டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்; பி.வி.சி. உறை வேண்டாம்.

பெட்டியின் உண்மையான சரக்கு அந்த அட்டைதான். திராக்மே என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘கைப்பிடி அளவு’ என்று பொருள் தந்திருப்பது சரி. நாணயம் வருவதற்கு முன் இரும்புக் கம்பிகளே பணமாகப் புழங்கின; ஒரு கம்பி ஓபோல், ஆறு சேர்ந்தால் ஒரு பிடி. நாணயக் கணக்கிலும் ஆறு ஓபோலுக்கு ஒரு திராக்மா என்றே நின்றது. ஆர்மீனியாவில் 1993 முதல் பணத்தின் பெயர் ‘திராம்’ என்பதும், கிரேக்கத்தில் 340.75 திராக்மாவுக்கு ஒரு யூரோ என்று மாற்றியதும் சரியாகவே வந்திருக்கின்றன.

பிழைகள் அடுத்து வருகின்றன. தினாரையும் இதே குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். அது தெனாரியஸ் என்ற ரோமானியக் காசின் லத்தீன் பெயர் வழி வந்தது, வேறு குடும்பம். பிரெஞ்சில் ‘திராக்ம்’ பெண்பால், முன்னால் ‘லா’ வர வேண்டும். ‘லெ’ என்று அச்சாகியிருக்கிறது. பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்கள் நிறைந்த ஊரில் இது கண்ணை உறுத்தும்.

பெரிய குறை தமிழ் வரி. ‘டிரச்மா’ என்று போட்டிருக்கிறார்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்துச் ‘ச’ போட்டதன் விளைவு. மூலத்தில் இருப்பது மூச்சோடு கலந்த ‘க’. திராக்மா என்று எழுதியிருந்தால் போதும். அதைவிட நல்லது, நம் கல்வெட்டுத் தமிழிலேயே இருக்கும் ‘திரமம்’. அந்தச் சொல்லில் ‘க்’ இல்லாததே அது வந்த வழியைச் சொல்லிவிடும். வடமொழி ‘திரம்ம’ வழியாக வந்ததால் ‘க்’ முன்பே உதிர்ந்துவிட்டது. சொல்லின் முதலில் ‘த்ர’ நிற்காது என்பதால் தமிழ் ஓர் இகரத்தைச் சேர்த்துக்கொண்டது. பிராகிருதத்தில் ‘ர’வும் போய் ‘தம்ம’ ஆனது. அதுவே இந்தியில் விலையைக் குறிக்கும் ‘தாம்’. அக்பர் காலத்தில் 40 தாம் செப்புக்காசு சேர்ந்தால் ஒரு ரூபாய். பாரசீகம் வழியே அரபுக்குப் போன கிளை மட்டும் அந்த மூச்சொலியை ‘ஹ’வாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பரங்கிப்பேட்டை வீடுகளுக்குத் துபாயிலிருந்து வரும் பணத்தின் பெயரான திர்ஹாமில் இன்றும் அது கேட்கிறது. இத்தனை நல்ல விஷயத்துக்கு அட்டையில் ஒரு வரிகூட இல்லை.

அட்டையின் பின்புறத்தில் ‘அரிக்கமேட்டு வணிகர் கையாண்ட காசு’ என்பதும் தவறு. இந்த ஆந்தைக் காசு கி.மு. 5ஆம் நூற்றாண்டினது, அரிக்கமேட்டின் ரோமானிய வணிகம் செழித்தது கி.பி. முதல் நூற்றாண்டில். இந்தியாவில் புழங்கிய திராக்மாவைக் காட்ட வேண்டுமென்றால் வடமேற்கு இந்தியாவை ஆண்ட இந்தோ-கிரேக்க மன்னர் மெனாந்தரின் காசைத் தந்திருக்கலாம்: ஏறக்குறைய இரண்டரை கிராம் வெள்ளி, ஒருபுறம் கிரேக்கம், மறுபுறம் அப்பகுதியின் பழைய கரோஷ்டி எழுத்து. அவருடைய பழைய திராக்மாக்கள் பரூச் துறைமுகத்தில் இன்னும் கைமாறுகின்றன என்று கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வணிகக் கையேடான ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்’ குறிப்பிடுகிறது.

மேசையில் வைக்கவும், வகுப்பில் காட்டவும் 650 ரூபாய்க்கு இதை வாங்கலாம். ரசீதில் ‘நகல்’ என்று எழுதி வாங்குங்கள். கைமாறும்போது அசல் என்று யாரும் விற்காமல் இருக்க அது உதவும். பிள்ளைகள் கையில் அட்டையைக் கொடுப்பதற்கு முன் ‘டிரச்மா’வை அடித்துவிட்டு, பக்கத்தில் பேனாவால் ‘திரமம்’ என்று எழுதிவிடுங்கள்.