கால்நடை மருத்துவம் படிக்க ஆசையா? இந்தப் பசு மாதிரியைப் பாருங்கள்

கால்நடை மருத்துவராகியே தீருவேன் என்று நிற்கும் என் மகளுக்காக, உறுப்புகளைக் கழற்றி மாட்டும் இந்தப் பிளாஸ்டிக் பசு மாதிரியை வாங்கினேன், ரொம்பவே திருப்தி. வயிற்றின் நான்கு அறைகளும் தெளிவாக இருக்கின்றன. முதல் அறையான ரூமன் வயிற்றின் இடது பக்கத்தை ஏறக்குறைய முழுதாக அடைத்திருக்கிறது. அப்புறம் இரண்டாவது அறையான அந்த ரெட்டிகுலம்! உள்ளே தேன்கூடு போன்ற வரிகள்கூடத் தெரிகின்றன. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைச்சுவரான உதரவிதானத்துக்கு இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கமே இதயம் என்பதைத் தொட்டுப் பார்க்கும்போதுதான், மாடு தீவனத்தோடு விழுங்கிய கம்பி எப்படி இதயம் வரை போய்க் குத்துகிறது என்று சட்டென்று புரிகிறது. குடலை மட்டும் பிரிக்க முடியவில்லை, ஒரே கட்டியாக ஒட்டிவிட்டார்கள். உறுப்புகளை மாட்டும் ஊசிகளும் லூசு. நிஜ மாட்டின் பக்கத்தில் பயமில்லாமல் நிற்பதற்குத் தொழுவத்துக்குத்தான் போக வேண்டும், சரி. படத்தைப் பார்த்தே மனப்பாடம் செய்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம்.