ராத்திரி ஓடும் தொழிலுக்கு சோலார்: ஐஸ் கம்பெனிக்கு ஒரு வழி, இறால் குட்டைக்கு வேறு வழி

இறால் குட்டைக்குக் கண்டம் விடியற்காலையில்தான். பகலில் தண்ணீரில் இருக்கும் பாசி ஆக்சிஜனை விடும். இருட்டிவிட்டால் அதே பாசி இறாலோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுக்க ஆரம்பிக்கும். பொழுது விடிவதற்கு முன்னால் அளவு அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அதனால்தான் கடலூர் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கம், தண்ணீரைச் சுழற்றிக் காற்றேற்றும் ஏரேட்டர் சத்தம் ராத்திரி முழுக்க கேட்டுக்கொண்டே இருக்கும். இவர்களிடம் போய் பேனல் போடுங்கள் என்றால், “பகலில் வர்ற கரண்டை வெச்சு நான் என்ன செய்ய?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பேனல் விற்க வருபவர்களில் பலர் இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பகல் கரண்டை ராத்திரிக்குக் கொண்டுபோக மூன்று வழிகள் உண்டு: அரசு மின் லைனில் கொடுத்துத் திரும்ப வாங்குவது, பேட்டரியில் சேர்ப்பது, செய்யும் பொருளிலேயே சேர்ப்பது.

முதல் வழியில், புதுச்சேரி–கடலூர் எல்லையான முள்ளோடைக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதே முக்கியம். புதுச்சேரி எல்லைக்குள் நெட் மீட்டர் முறை: பகலில் கொடுத்த யூனிட்டை ராத்திரி எடுத்த யூனிட்டில் கழித்துக்கொள்ளலாம். ராத்திரி கரண்ட் அடுப்பு போடும் பேக்கரிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கடலூர் பக்கம் வந்துவிட்டால், தமிழ்நாட்டின் 2021 ஆணைப்படி அந்தச் சலுகை வீடுகளுக்குத்தான். சாதாரண (தாழ்வழுத்த) இணைப்பு உள்ள கடைக்கும் கம்பெனிக்கும் நெட் ஃபீட்-இன்: நீங்கள் கொடுக்கும் யூனிட்டுக்குக் குறைந்த விலை, வாங்கும் யூனிட்டுக்கு முழு விலை. பகலில் பெரிதாக வேலை இல்லாதவருக்கு இதில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

சரி, பேட்டரி? ஒரு கணக்குப் போடுவோம். குட்டைக்கு 2 எச்பி ஏரேட்டர் நான்கு என்றால் மொத்தம் 8 எச்பி, ஏறக்குறைய 6 கிலோவாட். பத்து மணி நேரம் ஓடினால் 60 யூனிட். ஒரு கிலோவாட் பேனல் நம் ஊரில் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். பேட்டரியில் போட்டு எடுக்கும்போது பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஆக 16, 17 கிலோவாட் பேனலும், 70 யூனிட்டுக்குக் குறையாத லித்தியம் பேட்டரியும் வேண்டும். இது ஒரே குட்டைக்கு. அப்புறம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நான்கைந்து நாள் வெயிலே வராது. அந்த நாட்களில் பேட்டரி நிறையாது. ராத்திரி முழுவதையும் பேட்டரியில் ஓட்டலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடச் சொல்வேன்.

பெரிய கம்பெனிகள் வாங்கும் உயரழுத்த இணைப்பு உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் மாலை 6 முதல் 10 வரை எடுக்கும் கரண்டுக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம். 10 மணிக்கு மேல் 5 சதவீதம் தள்ளுபடி. பேட்டரி வாங்கினால் அந்த நான்கு மணி நேரத்துக்கு மட்டும் வாங்குங்கள். நடுச்சாமத்துக் கரண்டு லைனிலேயே மலிவு.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. ஐஸ் கம்பெனிக்கு அது கைமேல் இருக்கிறது. 30 டிகிரியில் இருக்கும் ஒரு டன் தண்ணீரை ஐஸாக்க எடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 128 யூனிட்டுக்குச் சமம். கம்ப்ரசர் தின்பது அதில் ஏறக்குறைய பாதி. உச்சி வெயிலில் முழு வீச்சில் ஓட்டி ஐஸ் அச்சுகள் நிற்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டியை நன்றாகக் குளிரவைத்துவிட்டால், ராத்திரி கம்ப்ரசரைக் குறைத்து ஓட்டலாம். உறைந்த கட்டிகளை நல்ல தெர்மாகோல் சுவர் போட்ட அறையில் அடுக்கினால், கடலூர் முதுநகரில் விடியற்காலை மீன்பிடி போட்டுக்கு ஏற்றுவது நேற்றைய வெயில்தான். பேட்டரிக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதியைச் சுவருக்குப் போட்டாலே போதும்.

இறாலுக்கு அது நடக்காது. மூச்சைச் சேர்த்துவைக்க முடியாதே. ஆனால் வேறு காரணத்துக்கு அங்கே பேட்டரி வேண்டும். பேட்டரி இல்லாமல் லைனோடு மட்டும் சேர்த்த சோலார், லைன் போனதும் தானும் நின்றுவிடும். வேலை செய்யும் லைன்மேனைக் காப்பாற்ற அப்படித்தான் செய்திருக்கிறார்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததை மறக்க முடியுமா? ஜெனரேட்டர் எப்படியும் தேவை. அது மக்கர் பண்ணினாலும் ஒரு மணி நேரம் ஏரேட்டர் சுற்றுகிற அளவு பேட்டரி இருக்கட்டும். மேலே சொன்ன குட்டைக்கு 8 யூனிட் போதும். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால், நான்கையும் ஒரே நேரத்தில் போடாமல் ஒவ்வொன்றாகப் போடுங்கள்.