மோட்பஸ் பதில் வரவில்லை: மீட்டரா, லேப்டாப்பா, ஸ்கோப்பா?

பி.எல்.சி-யிலிருந்து (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) டிரைவுக்கு (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஆர்எஸ்-485 கேபிள் இழுத்தாயிற்று, இரண்டும் பேசிக்கொள்ள மோட்பஸ் ஆர்டியூ புரோகிராமும் ஏற்றியாயிற்று. ஆனால் வருவது டைம்அவுட் மட்டும்தான். இந்த இடத்தில் பலர் லேடரை, அதாவது பி.எல்.சி புரோகிராமைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள். லைனில் என்ன போகிறது என்று தெரியாமல் லேடரில் கை வைப்பது வீண் வேலை.

மல்டிமீட்டர் எல்லோர் கையிலும் இருக்கும், ஒரு நிமிட வேலை. பவரை அணைத்துவிட்டு இரண்டு டேட்டா ஒயருக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். இரு முனையிலும் 120 ஓம் டெர்மினேஷன் (கேபிள் முனையில் போடும் ரெசிஸ்டர்) சரியாக இருந்தால் 60-ஐ ஒட்டி வரும். 120 வந்தால் ஒரு முனையில் இல்லை. 40 வந்தால் நடுவில் எங்கோ மூன்றாவது ஒன்று ஆன் ஆகியிருக்கிறது. இந்த இரண்டு ஒயருக்கும் உள்ள ஏ, பி என்ற பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி தலைகீழாகும். மாற்றி மாட்டிப் பார்ப்பதால் எதுவும் எரியாது. ஆனால் பாட் ரேட்டும் (டேட்டா போகும் வேகம்) பாரிட்டியும் (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்) தப்பு என்பதை மீட்டரால் சொல்லவே முடியாது.

அடுத்தது, பி.எல்.சி-யைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் லேப்டாப்பை மாஸ்டராக (கேள்வி கேட்கும் பக்கமாக) வைப்பது. யுஎஸ்பி கன்வர்ட்டரும் கியூமோட்மாஸ்டர் போன்ற இலவச மென்பொருளும் போதும். பி.எல்.சி பக்கத்து முனையில் மாட்டிப் பாருங்கள், அப்போதுதான் கேபிளும் சோதனைக்குள் வரும். டிரைவ் பதில் சொன்னால், சந்தேகம் பி.எல்.சி பக்கம் நகர்கிறது. நல்ல வழிதான். ஆனால் பி.எல்.சி உண்மையில் என்ன கேட்டது என்பது இதில் தெரியாது.

அதனால்தான் நான் அதிகம் நம்புவது மூன்றாவது வழியை: பி.எல்.சி-யை அப்படியே ஓடவிட்டு, லேப்டாப்பை லைனுக்கு இணையாக மாட்டி, எதுவும் அனுப்பாமல் கேட்டுக்கொண்டே இருப்பது. (கன்வர்ட்டருக்குள் டெர்மினேஷன் இருந்தால் அணைத்துவிடுங்கள்.) கேள்வி ஒழுங்காகப் போய் பதிலே இல்லையென்றால், ஸ்டேஷன் நம்பர் (லைனில் டிரைவுக்குக் கொடுத்த எண்), டிரைவின் பாட் ரேட், பாரிட்டி என்று வரிசையாகப் பாருங்கள். மோட்பஸ் விதிப்படி வழக்கம் ஈவன் பாரிட்டி; ஆனால் 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் என்று வரும் கருவிகளும் ஏராளம். 01 83 02 என்று தொடங்கும் பதில் வந்தால் சந்தோஷப்படலாம், ஒயரிங் சரி! பி.எல்.சி கேட்ட ரிஜிஸ்டர் (டிரைவுக்குள் மதிப்பு இருக்கும் இடம்) முகவரி இல்லை என்று டிரைவே சொல்கிறது. மேனுவலில் 40001 என்றிருப்பது லைனில் 0 ஆகப் போக வேண்டும், சில பி.எல்.சி-கள் அதைத் தானே கழித்துக்கொள்ளும், சில கழிக்காது. பதில் முழுசாக வந்தும் பி.எல்.சி டைம்அவுட் என்றால், காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு செய்தி முடிந்ததற்கு அடையாளம் 3.5 எழுத்து நேர மௌனம். 9600 பாட் ரேட்டில் அது சுமார் 4 மில்லிசெகண்ட். எஃப்டிடிஐ சிப் உள்ள கன்வர்ட்டரில் லேட்டன்சி டைமரே (வந்த டேட்டாவை லேப்டாப்புக்குக் கொடுக்கும் முன் காத்திருக்கும் நேரம்) வழக்கமாக 16 மில்லிசெகண்ட். ஆக, லேப்டாப் காட்டும் இடைவெளியை நம்ப முடியாது.

அங்கேதான் ஆசிலோஸ்கோப் வேண்டும். மோட்டார் ஓடும்போது மட்டும் அறுந்து போகும் தொடர்பையும் அதில்தான் பிடிக்க முடியும். விலை அதிகம், பழக்கமும் வேண்டும். புரோபின் கிரவுண்ட் கிளிப்பை டேட்டா ஒயரில் மாட்டாதீர்கள். பல ஸ்கோப்களில் அது நேராக எர்த். இரண்டு சேனலில் ஏ, பி இரண்டையும் எடுத்து, வித்தியாசத்தைப் பாருங்கள்.