வேலூர் பக்கம் வீட்டு வாசலிலேயே எஞ்சின் இறக்கி ஏற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

காட்பாடியில் ஒரு டொயோட்டா குவாலிஸ் வண்டிக்கு நடந்தது இது. 2.4 லிட்டர் டீசல் எஞ்சின், ஆயில் குடிக்கிறது, புகை தள்ளுகிறது என்று ஓவராலுக்கு, அதாவது முழுசாகப் பிரித்துப் புதுப்பிக்க, கொடுக்கப்பட்டது. ஆட்கள் முக்காலியும் செயின் பிளாக்கும் கொண்டுவந்து வீட்டிலேயே இறக்கினார்கள், லேத்துக்கு எடுத்துப் போனார்கள், திரும்ப ஏற்றினார்கள். 92,000 ரூபாய்க்கு ஒரு வெள்ளைத் தாள் பில். ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட ஏறாமல் வண்டி கொதித்து நின்றது. அதற்குப் பிறகு அவர்கள் போனை எடுக்கவே இல்லை. வேறு பட்டறையில் பிரித்தபோது தெரிந்தவற்றை அப்படியே எழுதுகிறோம்.

வீட்டில் எஞ்சின் இறக்குவது தப்பான வேலை இல்லை. இறக்கும்போது தெருவே நின்று பார்க்கும், அங்கே ஏமாற்ற இடமில்லை. ஏற்றும் நாளில்தான் யாரும் பார்ப்பதில்லை. ஏமாற்று வேலையில் பெரும்பகுதி அந்த ஒரு நாளில் நடக்கிறது; மிச்சம் லேத்தில்.

முதலில் பில். அதில் '0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் செட், போரிங்' என்று இருந்தது; அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டதாகக் கணக்கு. ஹெட்டைக் கழற்றி, நான்கு பிஸ்டன் தலையிலும் கரியைத் துடைத்துப் பார்த்தால் எஸ்.டி.டி. என்ற முத்திரை. அதாவது பழைய அளவு பிஸ்டன். போரிங்கே நடக்கவில்லை, ரிங் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஓவர்சைஸ் என்றால் பிஸ்டன் தலையில் 050 என்று அடித்திருக்கும். கிராங்க் கிரைண்டிங் செய்ததாகச் சொன்னால் பேரிங் ஓட்டின் முதுகில் 025 அல்லது 050 இருக்க வேண்டும். எஞ்சின் லேத்தில் இருக்கும்போதே, ஹெட் மூடும் முன் நேரில் போய்ப் பாருங்கள். போட்டோ அனுப்பச் சொன்னால் வேறு எஞ்சின் போட்டோவும் வரும். பிளாக்கில் உள்ள எஞ்சின் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுவதும் அங்கேதான். எஞ்சினே மாறி வந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இன்சூரன்ஸிலும் மாட்டுவது வண்டிக்காரர்தான்.

அடுத்தது பெல் ஹவுசிங், அதாவது எஞ்சினோடு கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் கிளட்ச்சை மூடியிருக்கும் உறை. இங்கே செய்த அநியாயம்தான் பெரியது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேர்கோட்டில் நிறுத்துவது டவல் பின் எனப்படும் இரண்டு சிறு இரும்பு முளைகள். இந்த வண்டியில் ஒன்றுகூட இல்லை. கிளட்ச் பிளேட்டை டம்மி ஷாஃப்ட் போட்டு சென்டர் பண்ணாமல் கண்ணளவில் வைத்து முறுக்கியிருக்கிறார்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்ட் உள்ளே போகாததால், போல்ட்டைப் போட்டு இழுத்து மூடியிருக்கிறார்கள். பெல் ஹவுசிங்கின் ஒரு காது வெடித்து, அதன் மேல் எம்-சீல் பூசி கிரீஸ் தடவியிருந்தது! எஞ்சின் 200 கிலோவைத் தாண்டும். அந்தப் பாரம் ஷாஃப்ட்டில் தொங்கினால் கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் வளையும், கிளட்ச் விடும்போது வண்டி உதறும், முன் பேரிங் சத்தம் போடும்.

சரியாகச் செய்தால் கியர்பாக்ஸுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்து, எஞ்சின் சாய்வை அதற்குச் சமமாக்கி, கிராங்க் புல்லியை ஸ்பானரால் லேசாகத் திருப்பினால் பல்லு பிடித்து உள்ளே போய்விடும். இரண்டு முகமும் போல்ட் இல்லாமலே ஒட்ட வேண்டும். விரல் நகம் நுழையும் இடைவெளி இருந்தாலும் ஸ்பானரைத் தொட விடாதீர்கள். மண் தரையில் முக்காலி நிறுத்தினால் கால்களுக்கு அடியில் பலகை, மூன்று காலையும் சுற்றி ஒரு சங்கிலி கட்டாயம். வீட்டுக் கூரையின் ஃபேன் கொக்கியில் செயின் பிளாக் மாட்டலாம் என்று யாராவது சொன்னால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.

எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவிலுள்ள எர்த் பட்டையை மாட்டவே இல்லை. அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் உறை உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் ஆக்சிலரேட்டர் அப்படியே நின்றுவிட்டால் உயிருக்கு ஆபத்து.

வால்வும் பிஸ்டனும் முறை தவறாமல் ஓட வைக்கும் டைமிங் பெல்ட் புதுசு என்று பில்லில் இருக்கிறது. உள்ளே இருந்ததோ எழுத்து அழிந்து, ஓரம் நூல் பிரிந்த பழைய பெல்ட். இது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், செய்த செலவெல்லாம் போச்சு. கவர் மூடும் முன் பெல்ட்டில் அச்சான எழுத்தைப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

கொதித்ததற்குக் காரணம் தண்ணீர். 'நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேணாம் சார்' என்று, தண்ணீரின் சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் அந்த வால்வைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பேச்சை நம்பாதீர்கள். பை-பாஸ் வழியை அடைக்கும் தட்டு தெர்மோஸ்டாட்டிலேயே உள்ள எஞ்சின்களில், அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும்; மலை ஏறும்போது சூடு ஏறும். ஊற்றியதும் போர் தண்ணீர். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றுக் கரையில் தோல் பட்டறைகள் உள்ள ஊர்களில் நிலத்தடி நீரில் உப்பு எவ்வளவு என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. ஹீட்டரைத் திறந்து வைத்து, ரேடியேட்டர் மூடி இல்லாமல் ஓடவிட்டு, குமிழி நின்ற பிறகே மூட வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், எஞ்சின் பற்றாமல் ஆயில் மட்டும் ஏற, பம்பிலுள்ள டீசல் கட்-ஆஃப் வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு அடி பத்து நொடிக்கு மேல் வேண்டாம். பிறகு வயரைத் திரும்ப மாட்டி, டீசல் ஃபில்டர் மேலுள்ள கைப் பம்பால் ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்யலாம். இதற்குப் பொறுமை இல்லாதவரிடம் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். கூலியில் மூன்றில் ஒரு பங்கையாவது 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு தருவதாக முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் இரண்டாவது பட்டறையில் பிரிக்கும்போது எதையும் கழுவ விடாதீர்கள். பிஸ்டன் முத்திரை, பெல்ட், உடைந்த காது எல்லாவற்றையும் வண்டி நம்பர் தெரியப் படம் எடுத்து, பிரித்தவரிடம் கையெழுத்தோடு அறிக்கை வாங்குங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வெள்ளைத் தாள் பில் கையில் இருந்தால் அதையும் ஜிபே ரசீதையும் சேர்த்தே கொடுங்கள்.