டர்பனில் ஒய் நுண்நீக்கப் பரிசோதனை: யாருக்குத் தேவை, அறிக்கையில் எதைப் பார்ப்பது

விந்துப் பரிசோதனையில் விந்தணுவே இல்லை என்றோ மிகக் குறைவு என்றோ வந்தால், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குழந்தைப்பேறு மருத்துவர் அடுத்து எழுதித் தருவது இரண்டு இரத்தப் பரிசோதனைகள். ஒன்று கேரியோடைப், அதாவது குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் வடிவையும் பார்ப்பது; மற்றது ஒய் குரோமோசோமில் சிறு துண்டு விழுந்திருக்கிறதா என்று தேடும் நுண்நீக்கப் பரிசோதனை. இங்கே மதிப்பிடுவது இரண்டாவதை. எந்த ஆய்வகம் என்று பெயர் சொல்லத் தேவையில்லை. நல்ல ஆய்வகங்கள் பின்பற்றுவது ஒரே ஐரோப்பிய வழிகாட்டலைத்தான். அதன்படி வேலை நடந்ததா என்பது அறிக்கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அணு எண்ணிக்கை பூஜ்யமாகவோ, மில்லிலிட்டருக்கு 5 மில்லியனுக்குக் கீழாகவோ இருந்தால் செலவழிக்கத் தகுந்த பரிசோதனை இது. 2 மில்லியனைத் தாண்டியவர்களிடமே இந்த நீக்கம் அரிது. 5 மில்லியனுக்கு மேல் இருப்பவருக்கு யாராவது எழுதித் தந்தால் காரணம் கேளுங்கள். விந்தின் அளவு 1.4 மில்லிலிட்டருக்குக் கீழே, அமிலத்தன்மையோடு இருந்தால் விந்துக்குழாய் பிறவியிலேயே இல்லாதிருக்கலாம். அவருக்குத் தேவை, அந்தக் குறைக்குக் காரணமாகும் சிஎஃப்டிஆர் மரபணுவின் பரிசோதனை. கேரியோடைப்பில் 47,எக்ஸ்எக்ஸ்ஒய் (ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதல்) என்று வந்தவருக்கும் இது வேண்டியதில்லை.

பரிசோதனை எதைத் தேடுகிறது? ஒய் குரோமோசோமின் நீண்ட கையில் ஏஇசட்எஃப் என்றொரு பகுதி உண்டு. விந்தணு இல்லாத ஆறு ஆண்களிடம் அந்தக் கை குறைந்திருப்பதை 1976இல் தியெபோலோ, சுஃபார்தி என்ற இரு இத்தாலியர்கள் நுண்ணோக்கியிலேயே பார்த்தார்கள். பின்னர் அதை ஏ, பி, சி என்று பிரித்தார்கள். பி பகுதியில் ஆர்பிஎம்ஒய் மரபணு இருக்கிறது. சி பகுதியில் டாஸ் மரபணுவின் நான்கு படிகள் (நகல்கள்). டாஸை 1995இல் கண்டுபிடித்தது அமெரிக்காவில் டேவிட் பேஜின் ஆய்வகம். இந்த இரண்டும் தருபவை ஆர்என்ஏவைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள். ஏ பகுதியிலுள்ள டிடிஎக்ஸ்3ஒய்யும் அந்த உறவுதான், ஆர்என்ஏ முறுக்கைப் பிரிக்கும் புரதம்.

விந்தணுவுக்கு இவை ஏன் இவ்வளவு அவசியம்? வளர்ச்சியின் கடைசிக் கட்டத்தில் அணுவின் டிஎன்ஏ, புரோட்டமின் என்ற புரதத்தால் இறுகச் சுருட்டப்படுகிறது. சுருண்ட டிஎன்ஏவிலிருந்து புதிதாக எதையும் படியெடுக்க முடியாது. ஆனால் வேலை முடியவில்லை; வால் நீள வேண்டும், தலை ஒடுங்க வேண்டும். எனவே தேவையான தூது ஆர்என்ஏக்களை, அதாவது புரதம் செய்வதற்கான மரபணுக் குறிப்புகளை, முன்பே எழுதி, மூடிவைத்து, உரிய நாளில் திறக்க வேண்டியிருக்கிறது. அடுப்பை அணைப்பதற்குள் எல்லாவற்றையும் சமைத்து மூடிவிட்டு, பந்திக்குப் பந்தி திறந்து பரிமாறுவதைப் போல. மூடுவதும் திறப்பதும் ஆர்என்ஏவைப் பற்றிக்கொள்ளும் இந்த வகைப் புரதங்களின் பொறுப்பு. நேரம் தவறினால் எல்லாம் கெடும்: சுண்டெலியில் புரோட்டமின்-1 தூதை முன்கூட்டியே திறக்கவைத்தபோது ஆண் எலிகள் மலடாயின.

டாஸுக்கு மூத்தது டாஸ்எல். அது 3ஆம் குரோமோசோமில் இருக்கிறது, தூது ஆர்என்ஏவின் வால்பக்கத்தைப் பற்றிக்கொண்டு புரத உற்பத்தியைத் தூண்டுகிறது. சுண்டெலியிடம் டாஸ் கிடையாது, டாஸ்எல் மட்டுமே. அதை நீக்கினால் ஆணும் பெண்ணும் இரண்டுமே மலடு. இந்தப் பரிசோதனையின் பெரிய எல்லையும் இங்கேதான். ஒய்யில் துண்டு விழுந்திருக்கிறதா என்று மட்டுமே இது பார்க்கும். டாஸ்எல்லில் எழுத்துப்பிழை இருந்தாலும், டாஸ் இருந்தும் வேலை செய்யாவிட்டாலும் இதற்குத் தெரியாது. “நீக்கம் இல்லை” என்ற வரியை “மரபணுக் கோளாறே இல்லை” என்று வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

இரத்தம் கொடுக்க உபவாசம் வேண்டாம். 3 முதல் 5 மில்லிலிட்டர், ஊதா மூடிபோட்ட இடிடிஏ குழாயில். பச்சை மூடிக் குழாயில் எடுத்தால் அங்கேயே தடுங்கள்: அதிலுள்ள ஹெப்பாரின், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் முறையைக் கெடுத்துவிடும். மாதிரி வேறு நகரத்துக்கு அனுப்பப்படும் என்றால் வெள்ளி மாலையைத் தவிர்த்து, திங்கள் அல்லது செவ்வாய் காலையில் கொடுப்பது நல்லது.

இதற்கு அடிப்படையாக நிற்கும் விந்துப் பரிசோதனையில்தான் நம் ஊரில் அதிகம் தவறு நடக்கிறது. கணவன் மனைவி சேராமல் இருக்க வேண்டியது 2 முதல் 7 நாள். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்துவிட்டு மறுநாளே மாதிரி கொடுத்தால் கணக்கு பிசகும். விரதம் முடிந்து ஒருமுறை சேர்ந்தபின் மூன்று நான்கு நாள் விட்டுக் கொடுங்கள். கடும் காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் பொறுங்கள், ஒரு விந்தணு உருவாகவே சுமார் 74 நாள் ஆகும். “அணு இல்லை” என்று எழுதுவதற்கு முன் விந்தை 3000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றி அடிவண்டலைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அந்த வண்டலில் நான்கு அணு கிடைத்தாலும் சிகிச்சையின் வழியே மாறும். இதையெல்லாம் செய்யாமல் மருமகளை மட்டும் மாதக்கணக்கில் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் நேர்த்திக்கடனுக்கும் அனுப்பும் வீடுகள் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இன்னும் இருக்கின்றன. அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

இனி அறிக்கை. ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு அடையாளங்கள், அதாவது பரிசோதனை தேடும் டிஎன்ஏ இடங்கள், இருக்க வேண்டும்: ஏவுக்கு எஸ்ஒய்84, எஸ்ஒய்86, பிக்கு எஸ்ஒய்127, எஸ்ஒய்134, சிக்கு எஸ்ஒய்254, எஸ்ஒய்255. கூடவே ஆண்பாலைத் தீர்மானிக்கும் ஒய் மரபணுவான எஸ்ஆர்ஒய்யும், ஆண் பெண் இருவரிடமும் தெரியும் இசட்எஃப்எக்ஸ்/ஒய்யும். ஒரு ஆணின் டிஎன்ஏ, ஒரு பெண்ணின் டிஎன்ஏ, வெறும் தண்ணீர் ஆகிய மூன்றையும் உடன் ஓட்டியிருக்க வேண்டும். பெண்ணின் மாதிரியில் ஒய் அடையாளம் தெரிந்தால் கலப்படம், அந்த ஓட்டமே செல்லாது. “டாஸ்: உள்ளது” என்று ஒரே வரியில் முடியும் அறிக்கைக்குப் பணம் கொடுத்தது போதாத வேலைக்கு. ஒரு பகுதியின் இரண்டு அடையாளங்களில் ஒன்று மட்டும் காணவில்லை என்றால் அது பெரும்பாலும் நீக்கமல்ல. பிரைமர் (பிசிஆரில் பயன்படும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டும் இடத்தில் சிறு மாற்றம் இருக்கலாம், டிஎன்ஏ தரம் குறைந்திருக்கலாம். மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

இரண்டுமே இல்லையென்றால், நீக்கம் எதுவரை போகிறது என்று பார்க்கும் எல்லைப் பரிசோதனை கட்டாயம். சி பகுதி போனவருக்கு எஸ்ஒய்160 இருந்தால் நடுத்துண்டு மட்டும் போயிருக்கிறது, ஏறக்குறைய 3.5 மில்லியன் டிஎன்ஏ எழுத்து. அதுவும் இல்லையென்றால் கையின் நுனியே போயிருக்கலாம். அப்போது சில செல்களில் ஒய் முழுவதுமே இல்லாத நிலை வரலாம் என்பதால் கேரியோடைப்பைத் தள்ளிப்போடக் கூடாது.

பரிசோதனை தன் விலைக்கு ஈடு செய்யும் இடம் இதுதான்: ஏ பகுதியோ பி பகுதியோ முழுமையாகப் போயிருந்தால், விரையைத் திறந்து அணு தேடும் அறுவையில் பலன் கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. வலியும் பெரும் செலவும் மிச்சம். சி மட்டும் போனவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அணு கிடைக்கிறது. பியில் அரைகுறை நீக்கமென்றால் அறுவையை மறுக்கக் கூடாது, அதற்காகவே எல்லைப் பரிசோதனை.

சிலர் கூடுதல் கட்டணத்தில் ‘ஜிஆர்/ஜிஆர்’ பரிசோதனையையும் சேர்த்துத் தருகிறார்கள். டாஸின் நான்கு படிகளில் இரண்டு போயிருப்பதை அது காட்டும். வழக்கமான பரிசோதனைக்கு இது தெரியாது, மீதிப் படிகளே அடையாளத்தைக் கொடுத்துவிடும். ஆனால் இந்த நீக்கத்தோடு இயல்பாகக் குழந்தை பெற்றவர்கள் ஏராளம். சிகிச்சையும் இதனால் மாறாது. இப்போதைக்குத் தவிர்க்கலாம்.

மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) விஷயம்: அது சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்சப் பயன்களில் குழந்தையின்மைக்கான 902எம் பிரிவில் விந்துப் பரிசோதனை இருக்கிறது, நுண்நீக்கப் பரிசோதனை அந்தப் பட்டியலில் இல்லை. இரத்தம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் அனுமதி கேட்டு வாங்குங்கள்.

சி நீக்கம் உறுதியானவருக்கு முடிவோடு ஆலோசனையும் தராத சேவை அரைச் சேவைதான். ஒரு விந்தணுவை நேரே முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் மகன் பிறந்தால் அவனுக்கும் அதே நீக்கம் போகும், மகளுக்குப் போகாது. எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் இறங்கக்கூடும். இன்று விந்தில் சில அணுக்கள் தெரிகின்றன என்றால், திருமணம் ஆகாதவராக இருந்தாலும், உறையவைத்துச் சேமிப்பது பற்றி அதே வாரத்தில் கேளுங்கள்.